இருபதாவது பெண்

அச்சகத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வேலை நேரத்தில் வாய் ஓயாது. வேலை முடிந்தால் பேச்சே கிடையாது. காலையில் முதல் ஆளாக வருவாள். கதவை விரியத் திறந்து, ஈய எழுத்துகள் நிரம்பிய பழைய பெட்டி ஒன்றை அதற்கு முட்டுக்கொடுப்பாள். மழைச்சாரல் அடித்தாலும் சாத்த விடமாட்டாள். ஒரு புத்தகத்தால் வந்த பழக்கம் அது.

ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனால் பழைய கைப்பிரதிகளைத் தடங்கல் இல்லாமல் படிக்க அந்தக் கட்டடத்தில் அவளை விட்டால் ஆள் இல்லை. மூலத்தை அவள் உரக்கப் படிப்பாள். எதிரே உட்கார்ந்து பிழை திருத்துபவர் அச்சுத்தாளில் சரிபார்ப்பார். காற்புள்ளி, முற்றுப்புள்ளியைக்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வரி தவறாமல் இருக்கத் தகர அடிக்கோல் ஒன்றை வரிக்குக் கீழே வைத்து நகர்த்துவாள். காதில் விழுந்ததுதான் அச்சில் ஏறும் என்பது முதலாளியின் சட்டம்.

அந்தப் புத்தகம் ஒரு கதைப்பாடல். அறுநூறு வருடத்துக்கு முன் ஒரு கோட்டையை எதிரிகள் வளைத்துக்கொண்டார்கள். பெண்களை நிலத்தடித் தானியக் கிடங்கில் ஒளித்து, எதிரி கண்ணில் படாதபடி வாசலைக் கல் வைத்து அடைத்தான் தளபதி. சண்டையில் ஆண்கள் ஒருவர் மிச்சமில்லாமல் விழுந்தார்கள். திறக்க ஆள் இல்லை. உள்ளே இருந்தவர்களைப் பாட்டு பெயர் சொல்லாமல் வரிசையாக அடுக்குகிறது. நெய்பவள் ஒருத்தி, எண்ணெய் ஆட்டுபவள் ஒருத்தி, பிள்ளைப்பேறு பார்ப்பவள் ஒருத்தி. கடைசியில், ஆக இருபது பேர் என்று முடிக்கிறது. ஆனால் முன்பு அச்சான பதிப்பில் பத்தொன்பது வரிகள்தான். ஒரு வரி சிதைந்துவிட்டது என்று அடிக்குறிப்பு போட்டிருந்தார்கள். அந்தப் பதிப்பைப் பார்த்துத்தான் இப்போதும் எழுத்துக் கோத்திருந்தார்கள்.

"என்ன ரேடியோம்மா, நீங்க படிச்சாலும் பத்தொன்பதுதான் வருது. மிச்சம் ஒரு அம்மா கடைக்குப் போயிருக்காங்களா?" என்றார் திருத்துபவர்.

"கண்ணு தாவிடுச்சு சார்."

எல்லா வரியும் ஒன்றுபோல முடிந்தால் கண் தாவுவது உண்டு. அவரும் நம்பினார். மறுநாளும் பத்தொன்பதுதான் வந்தது.

கண் தாவவில்லை. அவள் கையில் இருந்த கைப்பிரதியில் வரி சிதையவும் இல்லை. மை மங்காமல் கறுகறுவென்று இருந்தது. அடிக்கோல் அதன் கீழே வந்து நிற்கும்போது நாக்கு தானாக அதைத் தாண்டிப் போனது. அந்த நேரம் மட்டும் அறையில் மக்கிய தானிய வாசனை அடித்தது. தனக்கு முன்னால் இதைப் படித்தவர்களின் நாக்கும் இப்படித்தான் தாண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் முதலாளியே வந்துவிட்டார்.

"இன்னிக்கு சாயங்காலம் மெஷின்ல ஏறணும். இந்தத் தடவையும் தப்பாச்சுன்னா நாளைக்கு வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

வீட்டில், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருக்கும் கணவன். அடுப்பு எரிவது இந்தக் குரலால்.

முதலாளி போனதும் திருத்துபவரிடம் கேட்டாள். "சார், அந்த ஒரு வரியை எழுதிக் குடுத்துடட்டுமா?"

"முதலாளி சட்டம் தெரியாதா? அப்படி என்னதான் இருக்கு, கெட்ட வார்த்தையா?"

"இல்ல சார்."

"அப்ப சொல்லுங்க. நான் என்ன உங்க மாமியாரா, பயப்படறதுக்கு?"

படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "சாயம் தோய்ப்பவள் ஒருத்தி, காற்புள்ளி." பத்தொன்பது. அடிக்கோலை நகர்த்தி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இதைச் சொல்லிக்கொண்டிருப்பவள் ஒருத்தி, முற்றுப்புள்ளி."

வெளியே மெஷின் சத்தம் அறுந்துபோனது. அவள் குரல் வெகு அருகில் ஒரு கல்லில் பட்டு அவளிடமே திரும்பியது. சுற்றிலும் மூச்சு விடும் சத்தம். யாரோ நகர்ந்து, அவள் உட்கார இடம் விட்டார்கள்.

"இருபது! வந்து சேர்ந்தாங்கப்பா மகராசி!" திருத்துபவரின் குரல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பது போலிருந்தது. "ஆமா, கதவை ஏம்மா சாத்தினீங்க?"

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவர்தான் போய்த் திறந்தார். மெஷின் சத்தம் மறுபடி உள்ளே வந்தது.

புத்தகம் வெளியானது. வேலையும் நிலைத்தது. வாங்குகிறவர்கள் மனசுக்குள்தானே படிப்பார்கள், வாய்விட்டுப் படிக்கமாட்டார்களே என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

கணவன் மட்டும் சில நாள் சாப்பிடும்போது அவளை உற்றுப் பார்ப்பான்.

"பக்கத்துலதானே உக்காந்திருக்கே. ஏன் எங்கேயோ இருந்து பேசற மாதிரி இருக்கு?"

அவள் எழுந்து போய், வாசல் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள்.