முப்பத்தேழு முள்

அந்த ஆய்வகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லாருக்கும் அவள் புழுக்காரி. காட்டு வாத்துகளின் குடலைக் கீறி, உள்ளே ஒட்டிக்கிடக்கும் தட்டைப்புழுக்கள் எந்த இனம் என்று கண்டு சொல்வது அவள் வேலை. பட்டப்பெயர் வைத்தவன் அக்கா புருஷன். அவனுக்கும் அதே அறை, அதே வேலை. ஒரு காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா அவனை விட்டு வந்து விவாகரத்து வழக்குப் போட்ட நாளிலிருந்து 'அத்தான்' என்பது அவள் வாயில் வரவில்லை. "சார்" என்றாள். அவனும் சளைக்காமல் "மேடம்" என்றான். மேசைகளை ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டாயிற்று. மைக்ராஸ்கோப் மட்டும் ஒன்றுதான். அதைப் பிரித்துக் கொடுக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது.

அந்தக் குளிர்காலத்தில் ஏரியில் வாத்துகள் செத்து மிதந்தன. ஏரிக் காவலாளி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். குடல் முழுக்கப் புழு. இந்த வகைப் புழுவுக்குத் தலையைச் சுற்றிச் சட்டைக் காலர் மாதிரி ஒரு முள்வரிசை உண்டு. முள்ளை எண்ணித்தான் இனத்தைச் சொல்ல வேண்டும். எண்ணினாள். முப்பத்தேழு. எங்கும் காண்கிற இனம். அறிக்கை எழுதி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் அவன் அவளுடைய ஸ்லைடை எடுத்து வைத்துப் பார்த்தான். கேட்காமலே.

"மேடம், முள்ளு கொட்டியிருக்கு."

"எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும் சார்."

"கண்ணை யார் சொன்னா? வாத்து கெட்டுப்போனா புழுவும் கெட்டுப்போகும், முள்ளு உதிரும். உதிர்ந்த இடத்துல குழி தெரியுது பாருங்க. இது வேற இனம். நாற்பத்தஞ்சு இருந்திருக்கணும்."

"அது குழியில்ல, அழுக்கு."

"சரி, அழுக்கு. அந்த வாத்தை மேசை மேலயே போட்டுட்டு மத்தியானம் பூரா எங்க போயிருந்தீங்க?"

எங்கே போயிருந்தாள் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். கோர்ட் வராந்தாவில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றதை, எதிரே வக்கீலோடு நின்று பார்த்தவன்தானே. போகிற அவசரத்தில் வாத்தை ஃப்ரிட்ஜில் வைக்க மறந்ததும் நிஜம்.

"உங்க வக்கீலைக் கேளுங்க!" என்று கத்தினாள். வராந்தாவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டில் சொன்னபோது அக்கா, "அந்த ஆளுக்குப் பொய் சொல்லாம சோறு இறங்காதுடி. விட்டுத் தள்ளு" என்றாள். தள்ள முடியவில்லை. வீட்டுக்கு வரும் நேரம் முதல் வாங்கும் சம்பளம் வரை அக்காவிடம் எல்லாவற்றிலும் பொய் சொன்னவன், புழு விஷயத்தில் மட்டும் ஒரு பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. அதுதான் மனசைக் குடைந்தது.

காவலாளிக்குப் போன் போட்டாள். "அண்ணே, அடுத்து ஒண்ணு செத்தா கையோட கொண்டு வாங்க. டீ குடிக்கக்கூட நிக்காதீங்க."

சொன்னபடியே கொண்டுவந்தார். இறகுக்கடியில் இன்னும் சூடு இருந்தது. குடலைத் திறந்தபோது புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஸ்லைடு தயாரித்து எண்ணினாள். நாற்பத்தைந்து. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப எண்ணினாள். முள் ஒன்றுகூடக் குறையவில்லை.

அறையில் வேறு யாருமில்லை. ஸ்லைடைக் கழுவி வைத்துவிட்டால் கேட்பாரில்லை. ஆனால் ஒவ்வொரு புழுவும் ஒவ்வொரு வகை நத்தை வழியாக வருவது. தப்பான பெயரைக் கொடுத்தால் ஏரியில் தப்பான நத்தையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். வாத்து செத்துக்கொண்டே இருக்கும்.

அவன் உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "நாற்பத்தஞ்சு. நீங்க சொன்னதுதான் சரி."

"அன்னைக்கே ஒத்துக்கிட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

"ஒத்துக்கிற மாதிரியா பேசினீங்க?"

"திருத்தி அனுப்புறப்போ அலட்சியம்னு போடுங்க."

"போடுறேன். வாத்தைக் கெடவிட்டது நான்தான்னே போடுறேன். அதையும் கோர்ட்ல கொண்டுபோய்க் காட்டுங்க, ஜெயிக்கிறீங்களான்னு பார்ப்போம்."

அவன் மைக்ராஸ்கோப்பில் குனிந்தான். முழு முள்வரிசையை அவனும் இப்போதுதான் பார்க்கிறான். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிராமலே கேட்டான்: "அவ எப்படி இருக்கா?"

"நீங்க இல்லாம நல்லா இருக்கா."

அவன் எழுந்து போனதும், கண் வைத்துப் பார்க்கும் இடத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அழுத்தித் துடைத்துவிட்டுத் திருத்தின அறிக்கையை எழுத உட்கார்ந்தாள். 'என் கவனக்குறைவால்' என்றுதான் தொடங்கினாள்.

சில மாதங்களில் அக்காவுக்கு விவாகரத்துக் கிடைத்துவிட்டது. அவன் மாற்றல் கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். அவள் கேட்பாள் என்று அவன். இரண்டு பேரும் கேட்கவில்லை.