கறுப்புக் கண்ணாடியும் அம்மிக்கல்லும்

நான் பிறந்தது பிரம்மதேசம் பக்கத்தில் ஒரு விவசாய வீட்டில். அங்கே எந்தப் பொருள் வாங்குவதற்கும் ஒரே கேள்விதான்: அது வேலைக்கு உதவுமா? மோட்டாருக்கு ஒயர் வேண்டுமென்றால் அப்பா அன்றைக்கே வண்டியை எடுத்துவிடுவார். மாட்டின் கண்ணில் நீர் வடிந்தால் மாட்டு டாக்டர் வீட்டுக்கே வருவார். அம்மாவின் கண்ணில் நீர் வடிந்தால் அம்மா முந்தானையால் துடைத்துக்கொள்வாள். அதை யாரும் கொடுமை என்று நினைத்ததில்லை, அம்மா உட்பட. உழைப்புக்கு வேண்டியது தேவை, உடம்புக்கு இதமானது ஆசை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை; சோற்றோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

கல்யாணம் ஆகி மரக்காணத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர். அவர் வளர்ந்த வீட்டின் வழக்கம் நேர் எதிர். மழை பிடித்துக்கொண்டால் உப்பளம் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். எப்படியும் அப்போது கஷ்டம்தான், அதனால் கையில் காசு இருக்கும்போதே மனசுக்குப் பிடித்ததை வாங்கிவிட வேண்டும் என்பது அவர்கள் நியாயம். மழைக்காலத்துக்கு அரிசி வாங்கிப் போடுங்கள் என்று அனுப்பினால் பிரியாணிப் பொட்டலத்தோடு வருவார். ஒருமுறை கலர் கலராக விளக்கு எரிகிற ஸ்பீக்கரோடு வந்தார். "இது இப்ப தேவையா?" என்பதுதான் அந்த வீட்டில் நான் அதிகம் பேசிய பேச்சு. எங்கள் மகள் 'அம்மா', 'அப்பா'வுக்கு அடுத்தபடியாகப் பேசக் கற்றுக்கொண்டது இதைத்தான் என்று அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பொய்தான், ஆனால் ரொம்பப் பெரிய பொய் இல்லை.

நானும் உப்பளத்துக்குப் போக ஆரம்பித்தேன். விடியும்போதே பாத்தியில் இறங்கி, நீளக் காம்பு வைத்த பலகையால் உப்பை இழுத்து வரப்பில் சேர்க்க வேண்டும். வெயில் ஏறினால் தலைக்கு மேலேயும் சூரியன், காலுக்குக் கீழேயும் சூரியன். நான் பாதிக் கண்ணை மூடிக்கொண்டே வேலை செய்யப் பழகிவிட்டேன். சாயங்காலம் கண்ணில் மண்ணை வாரிப் போட்டது மாதிரி உறுத்தும். முந்தானையால் துடைத்துக்கொள்வேன்.

மகள் ஒன்பதாவது படிக்கும்போது அவள் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா என் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கண்ணோரத்துல சதை வளருதும்மா. கருவிழிய நோக்கி வருது. நடுவுல வந்துட்டா பார்வைய மறைச்சிடும். வெயில்லயும் காத்துலயும் கறுப்புக் கண்ணாடி இல்லாம இனிமே நிக்காதீங்க."

"சொட்டு மருந்து குடுத்தா போதாதுங்களா?"

"மருந்து எரிச்சலுக்குத்தாம்மா. வளர்றத அது நிறுத்தாது."

வீட்டுக்கு வந்து, மருந்து போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். "அம்மா பொய் சொல்றாங்கப்பா" என்ற மகள், டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு உப்பு இழுப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. எங்கள் ஊரில் கறுப்புக் கண்ணாடி போட இரண்டு பேருக்குத்தான் உரிமை: திருவிழாவில் சுற்றுகிற வயசுப் பையன்கள், கண் ஆபரேஷன் செய்துகொண்ட கிழவர்கள்.

அந்த மாதம்தான் எங்கள் மிக்ஸி புகைந்து நின்றது. விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்புகிறவளுக்கு மிக்ஸி சந்தேகமே இல்லாத தேவை. சேர்த்து வைத்திருந்ததைக் கொடுத்து அவரைப் பாண்டிக்கு பஸ் ஏற்றி அனுப்பினேன். சாயங்காலம் வெறும் கையை வீசிக்கொண்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். கண்ணாடிக் கடையில் விசாரித்து வாங்கிய நல்ல கறுப்புக் கண்ணாடி. பக்கவாட்டிலும் காற்றுப் புகாமல் மறைப்பு இருந்தது.

"மிக்ஸி எங்க?"

"அப்புறம் வாங்கிக்கலாம்."

"அது வரைக்கும் யாரு அரைக்கிறது? இந்த கூலிங் கிளாஸா?"

"நான் அரைக்கிறேன்."

"இத போட்டுக்கினு போனா உப்பளமே சிரிக்கும். எனக்கு வேணாம். திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

"சிரிக்கறதுதான் உனக்குப் பிரச்சினையா?"

"ஆமா, அதுதான்."

அவர் பெட்டியை மூடி மாடத்தில் வைத்தார். தோற்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் தெருக்குழாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள். பெண்களெல்லாம் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, வாசலோரம் கிடந்த அம்மியைக் கழுவி, காய்ந்த மிளகாயும் மிளகும் வைத்து அரைக்க உட்கார்ந்தார். குழாயடி அப்படியே திரும்பிப் பார்த்தது.

"இன்னாண்ணே, வூட்டு வேலைக்கு சேந்துட்டியா?"

"ஆமாம்மா. உங்க வூட்டுல அரைக்கறதுக்கு இருந்தா குடுத்தனுப்பு."

சிரிப்பு தெருமுனை வரைக்கும் போனது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பல்லைக் கடித்தேன். "உள்ள வாங்க, மானம் போவுது."

"போவட்டும். அவங்களுக்கு சிரிக்கணும், அவ்ளோதான? மொத்தத்தையும் என்னப் பாத்து சிரிச்சு முடிக்கட்டும். அதுக்குள்ள நீ கண்ணாடிய போட்டுக்கினு போயிட்டு வா."

அந்த வாரம் முழுக்க அவர்தான் அரைத்தார். குழம்பில் மிளகு முழுசு முழுசாகப் பல்லில் மாட்டியது. மகள் அதை எடுத்துத் தட்டோரத்தில் வரிசையாக அடுக்கினாள். எனக்குக் கோபம் எந்த நேரத்தில் போனது என்று தெரியவில்லை. தேங்காய் சில்லை நுணுக்கத் தெரியாமல் முழங்கை வரைக்கும் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்த்து ஒருநாள் நானும் சிரித்துவிட்டேன்.

அடுத்த நாள் கண்ணாடியை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். வெயில் ஏறியதும் போட்டுக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் நான் முழுக்கண்ணைத் திறந்ததே இல்லை. பாத்தி பாத்தியாக உப்பளம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தேன். அந்தக் கடைசியில், சென்னை ரோட்டில், ஒரு பச்சை பஸ் போய்க்கொண்டிருந்தது. அது கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்துப் பாத்தி அக்காதான் ஆரம்பித்தார். "இன்னாடி, ஷூட்டிங்கா?"

"ஆமாக்கா. ஹீரோ வூட்டுல அம்மி அரைக்கிறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அத்தனை நாள் பயந்தது அவ்வளவுதான், ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. சோறு தின்ன உட்கார்ந்தபோது அந்த அக்கா கையை நீட்டினார். "அத கொஞ்சம் குடு." போட்டுக்கொண்டு உப்பளத்தைப் பார்த்தார். "அடிப்பாவி, கண்ணுக்கு குளுகுளுன்னு இருக்குதுடி" என்றார். அடுத்த உப்புப் பருவத்தில் அவரும் ஒன்று வாங்கினார், அவரைப் பார்த்து இன்னும் சிலர் வாங்கினார்கள்.

போன மாதம் மறுபடியும் முகாம் போட்டார்கள். அதே டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வளரலம்மா, அப்படியே நிக்குது" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். மழைக்காலத்தில் எங்கள் பானையில் அரிசி இருக்கிறதென்றால் அது நான் பிறந்த வீடு கொடுத்த புத்தி, அதற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் என் கண் எனக்கு மிஞ்சியது, நான் ஊதாரி என்று திட்டிய மனிதரால்தான். எங்கள் அம்மாவுக்கு அப்படி ஒரு ஆள் வாய்க்கவில்லை.

இப்போது மிக்ஸி வந்துவிட்டது. அவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை கறிக்கு அம்மியில்தான் அரைப்பேன் என்கிறார். கைப்பக்குவம் வந்துவிட்டதாம். போன ஞாயிறு அரைத்துக்கொண்டே, ஒவ்வொரு பருவ முடிவிலும் கேட்பதை இந்த வருஷமும் கேட்டார். "உனக்கு இன்னா வேணும்?"

ஒண்ணும் வேணாம் என்பதுதான் இத்தனை வருஷமாக என் பதில். வாயைத் திறந்தபோது வேறு வந்தது. "பாத்தியில போட்டுக்க ஒரு ஜோடி பூட்ஸ் வேணும். கால் ரொம்ப வெடிக்குது."

குழவி நின்றது. சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். மகள் செல்போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள். "சைஸ் இன்னாம்மா?"

நான் காலைக் குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

"ஆறு" என்றார் அவர்.