ரசம் சிந்தாத ஜீப்

ஒரு விடுகதை. எவ்வளவு அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்வான், அழ மாட்டான். அழுதுவிட்டால் அப்புறம் வேலைக்கு ஆக மாட்டான். யார் அவன்?

ஷாக் அப்சார்பர். சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் நின்று, குழியின் அடியை நமக்காக வாங்கிக்கொள்கிறவன். அவனுக்குள் இருக்கும் ஆயில் வெளியே கசிந்தால் அதுதான் அழுகை. காடுமேடு ஏறும் ஜீப்புகளின் ஷாக்கையும் ஸ்டீயரிங்கையும் பிரித்துச் சரிசெய்வது என் தொழில்; சமயநல்லூரில் பட்டறை. குழியில் வண்டியை விட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள். நீங்களும்தான்.

குளித்து வந்த நோயாளி

ஜெபராஜ் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் ஜீப்பை இறக்கிக் குதிக்கவிடுவார். அதே ஜீப்பில்தான் மகள் எஸ்தரையும் பள்ளிக்கு அழைத்துப் போவார். அவளுக்கும் அதே பள்ளி, மூன்றாம் வகுப்பு. ஒருநாள் வண்டி குதித்த குதியில் அவளுடைய சாப்பாட்டு டப்பா திறந்து, பை முழுக்க ரசம். மறுநாளே எஸ்தர் ஆட்டோவுக்கு மாறிவிட்டாள். ஒரே வீட்டிலிருந்து ஒரே பள்ளிக்கு அப்பா தனி, மகள் தனி. "எப்படியாச்சும் பிள்ளைய மறுபடி என் பக்கத்துல உக்கார வச்சிரணும்ணே" என்று வந்து நின்றார்.

குனிந்து பார்த்தேன். நான்கு ஷாக்கும் கண்ணாடிபோலப் பளபளத்தன. ஆயில் கசிந்தால் அதில் புழுதி ஒட்டி ஈரமாக நிற்கும். எது அழுகிறது என்று அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்போம். "எதுக்குங்க துடைச்சீங்க?" என்றேன்.

"டாக்டர்ட்ட போறப்ப குளிச்சிட்டுத்தானண்ணே போறோம்?"

உற்சாகம்

துடைத்த தடயம் போகட்டும், அமுக்கிப் பார்க்கலாமே. முன்பக்க பம்பரை அழுத்திக் கையை எடுத்தேன். ஷாக் நன்றாக இருந்தால் வண்டி எழுந்து அப்படியே நிற்க வேண்டும். இது எழுந்தது, இறங்கியது, மறுபடியும் எழுந்தது. கவலையோடு ஜெபராஜின் முகத்தைப் பார்த்தேன். முகமெல்லாம் பெருமை.

"பாத்தீங்களாண்ணே, இந்த வயசுலயும் எம்புட்டு உற்சாகம்!"

யோசிக்கும் ஸ்டீயரிங்

ஆயில் கசியாமல் அடைக்கும் சீலை மாற்றி, புது ஆயில் விட்டு, உற்சாகத்தை அடக்கியாயிற்று. ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். பக்கத்தில் ஜெபராஜ், பின்சீட்டில் அவர் மனைவி மேரி டீச்சர். காளவாசல் நெரிசலில் நான் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பிய பிறகுதான் அசைந்தது. முன்சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனையில் உருண்டையாக ஒரு மூட்டு உண்டு. அது தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது; மாற்ற வேண்டும் என்றேன். ஜெபராஜுக்கு அது குறையாகவே தெரியவில்லை. வளைவு வருவதற்கு முன்பே திருப்பிப் பழகிவிட்டார். "பழைய வண்டில்ல, ஒண்ணு சொன்னா யோசிச்சுத்தான் கேக்கும்" என்றார்.

பின்சீட்டிலிருந்து மேரி டீச்சர் சொன்னார்: "அண்ணே, அந்த மூட்டு வாங்கும்போது இவருக்கும் சேத்து ஒண்ணு வாங்கிருங்க."

பரீட்சை

மூட்டையும் மாற்றினேன். சனிக்கிழமை எஸ்தரே பட்டறைக்கு வந்தாள், கையில் ஒரு தூக்குவாளி ரசத்தோடு. என் டீ டம்ளரை வாங்கிக் கழுவி, விளிம்புவரை ரசம் ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். "போலாம்ப்பா" என்றாள். நான் பின்னால் ஏறினேன். ஊரில் உள்ள குழியெல்லாம் ஏறி இறங்கினோம். ஜெபராஜ் ரோட்டைப் பார்த்ததைவிட டம்ளரைப் பார்த்ததுதான் அதிகம். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"இப்ப நம்புறியா பாப்பா?" என்று வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார்.

எஸ்தர் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "நம்புறேம்ப்பா. இனிமே ரசம் சிந்தாது."

திங்கட்கிழமை

மேரி டீச்சர் போனில் சொன்னது இது. ஜெபராஜ் விடிந்ததும் முன்சீட்டைத் தட்டித் துடைத்து, வாசலில் ஜீப்பை நிறுத்திக் காத்திருந்தார். பின்னாலேயே ஆட்டோவும் வந்து நின்றது. உள்ளே தோழிகள் நகர்ந்து இடம் விட்டார்கள். எஸ்தர் வெளியே வந்து, ஜீப்பின் முன்சீட்டில் சாப்பாட்டு டப்பாவை வைத்து, அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டு, ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.