மயில் கழுத்துப் பட்டு பச்சையா நீலமா

தங்கச்சிக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க இன்னைக்கு விளக்குத்தூண் பக்கம் போயிருந்தோம்.

ஜவுளிக்கடைப் பாயில ரெண்டு வீட்டாரும் எதிரெதிரா உக்காந்தோம். கடைக்காரர் நடுவுல ஒரு மயில் கழுத்துப் பட்டை விரிச்சார்.

“நல்ல பச்சை, இதையே எடுப்போம்”னேன்.

மாப்பிள்ளையோட அக்கா முகம் மாறிப்போச்சு. “முகூர்த்தத்துக்கு நீலமா? எங்க வழக்கத்துல ஆகாது.”

“இங்கிட்டு வந்து பாருங்க மதினி”ன்னு எடம் மாறி உக்காந்தோம்.

இப்ப அவங்க, “பச்சைதான்”ங்குறாங்க. எனக்கு நீலமாத் தெரியுது.

“வேற காட்டுங்கண்ணே”ன்னேன்.

“ஜப்பான்காரன் சண்டையில பட்டுநூல் கப்பல் நின்னுபோச்சு, சண்டை முடியுற வரைக்கும் வேற பட்டு வராது”ன்னுட்டார் கடைக்காரர்.

எடுத்தாச்சு.

மாப்பிள்ளை வீட்டாரை மணவறைக்கு எந்தப் பக்கம் உக்கார வச்சா அது பச்சையாத் தெரியும்? கட்டிப் பாத்தவங்க யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க.