திருநீறு பூசிய காரும் தூக்குவாளியும்

காருக்குள் ஓர் இனிப்பு வாடை... வெல்லப்பாகு அடுப்பில் கொதிக்கும்போது மூக்கில் ஏறுமே, கிட்டத்தட்ட அதே வாடை. கதவைத் திறந்தால் முதலில் அதுதான் வரும்.

நான் சொல்லச் சொல்ல மருமகள் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். எழுத்துதான் எனக்கு வராது. பார்த்தது எதுவும் மறக்காது.

ரெண்டாயிரத்து மூன்று இருக்கும். சின்னமனூர் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். மலையில் ஓர் எஸ்டேட்டில் ஓடிய பழைய டீசல் காரை அப்போதுதான் சொந்தமாக வாங்கியிருந்தேன். எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் பச்சைக் கூலன்ட் ஊற்றிய கார்! ஸ்டாண்டில் மற்ற எல்லோருக்கும் குழாய்த் தண்ணீர்தான். நான் பானட்டைத் திறந்தாலே நாலு பேர் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தக் காரில்தான் கூடலூரிலிருந்து குமுளிக்குப் பெண் அழைத்துப் போவதாக ஏற்பாடு. பெண் யார்? என் மனைவி பேச்சியின் அண்ணன் மகள் ராசாத்தி. "மாமா காருலதான் போவேன்" என்று பிள்ளை ஒரே பிடிவாதம்.

கல்யாணம் நெருங்கி வருகிற நேரம் பார்த்து... கூலன்ட் குறைகிறது. தினமும் ஒரு டம்ளர் அளவுக்கு. காருக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. தரை காய்ந்து கிடக்கிறது!

நான் ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது ராசாத்தியின் அப்பா வந்துவிட்டார்.

"மாப்ள, இது காரா, கன்னுக்குட்டியா? எந்நேரமும் தண்ணி காட்டிக்கிட்டே இருக்கீக?"

"சின்ன ஒழுக்கு மச்சான். கண்டுபிடிச்சிருவேன்."

"மலை ஏத்தத்துல பொண்ணோட நின்னு போச்சுன்னா மாப்ள வீட்டுக்காரக சிரிப்பாக. நாளைச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க. இல்லாட்டி கம்பத்துல ஒரு வேனைப் பேசிருவேன்."

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் வேலையை ஆரம்பித்தேன். எங்கள் ஸ்டாண்டில் இதற்கொரு வழி உண்டு. ஓஸ் குழாய், பம்ப், ரேடியேட்டர் எல்லாவற்றையும் ஈரமில்லாமல் துடைத்து, மேலே திருநீறு தூவிவிட வேண்டும். எங்கே கசிந்தாலும் திருநீறு நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். தூவினேன். மார்க்கையன்கோட்டை வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து பானட்டைத் திறந்தால்...

பூசியது பூசியபடி! எஞ்சின் முழுக்கப் பழனிக்குப் போய் வந்த மாதிரி வெள்ளையாக நிற்கிறது. ஆறவிட்டு மூடியைத் திறந்தால், கூலன்ட் மட்டும் குறைந்திருக்கிறது.

மெக்கானிக் செல்வத்தை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"வெளிய ஒழுகலேன்னா எஞ்சினே குடிக்குதுண்ணே. ஹெட்டைக் கழட்ட வேண்டியதுதான்."

"எஞ்சின் குடிச்சா வெள்ளைப் புகை வருமே, வரலையேப்பா. ஆயிலும் சுத்தமாத்தான இருக்கு?"

"அதான் எனக்கும் வெளங்கல. ஆனா வேற எங்கன போகும்?"

ஹெட் என்றால் எஞ்சினின் மேல்மூடி; அதைக் கழற்றினால் நாலைந்து நாள் ஆகும். கல்யாணம் முடிந்து மறுவீடே முடிந்துவிடும்!

அந்த நேரத்தில் பேச்சி தூக்குவாளியோடு வந்து முன் சீட்டில் ஏறினாள். கல்யாண அதிரசத்துக்குப் பாகு காய்ச்சித் தினமும் இந்தக் காரிலேயே அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோவாள். காலை வைத்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"ஏங்க, காலு பிசுபிசுங்குது."

எனக்கிருந்த கடுப்பில், "ஒன் தூக்குதான் ஒழுகுது! காரே பலகாரக் கடை மாதிரி நாறுது. காலடி ரப்பர் மேட்டைக் கழுவிக் கழுவியே என் கை தேஞ்சு போச்சு" என்றேன்.

பேச்சி இறங்கி உள்ளே போனாள். பாகை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். தூக்கைக் கழுவித் துடைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, காய்ந்த சிமென்ட் தரையில் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாள். செல்வமும் நானும் காரை விட்டுவிட்டுத் தூக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்...

ஒரு சொட்டு இல்லை.

"பாத்துக்கங்க. ஏந் தூக்கு ஒழுகல. ஒங்க காருதான் ஒழுகுது!"

சுரீர் என்றது எனக்கு. ஓடிப்போய் ரப்பர் மேட்டைத் தூக்கி எறிந்தேன். அடியில் கிடந்த கார்ப்பெட் சொதசொதவென்று ஊறிப்போயிருந்தது. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை அதில் வைத்து அழுத்தி எடுத்தேன்.

பச்சை! இளம்பச்சை!

"ஏ பேச்சி! கெடச்சிருச்சு! கெடச்சிருச்சு!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடி வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். மலையில் ஓடிய கார் அல்லவா, குளிருக்கு ஹீட்டர் உண்டு. முன் சீட்டுக்காரர் காலுக்கு எதிரே உள்ளே ஒரு சின்னப் பெட்டி. எஞ்சினிலிருந்து இரண்டு ஓஸ் வழியாகச் சுடுகிற கூலன்ட் அதற்குள் போய் வரும். சின்னமனூர் வெயிலில் ஹீட்டர் போடுகிறவன் யார்? அப்படி ஒன்று இருப்பதே எங்கள் நினைப்பில் இல்லை. அந்தப் பெட்டி அரித்துப்போய், கூலன்ட் காருக்குள்ளேயே சொட்டியிருக்கிறது. வாடையும் அதனுடையதுதான்!

செல்வம் இரண்டு ஓஸையும் பெட்டியிலிருந்து பிடுங்கி, ஒன்றோடொன்று சேர்த்துக் கிளிப் போட்டு இறுக்கினான். இனி பெட்டிப் பக்கம் போகாமலே கூலன்ட் எஞ்சினுக்குத் திரும்பிவிடும். அவ்வளவுதான் வேலை. நான் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன்.

"மச்சான், வேன் வேணாம்!"

பெண் அழைப்பு அன்று கூடலூரைத் தாண்டும்போது ராசாத்தி பின்னால் விம்மி விம்மி அழுகிறாள். லோயர்கேம்ப் தாண்டி ஏற்றம் பிடித்ததும் மச்சான் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார்.

"ஹீட் முள்ளு எங்கன நிக்கிது மாப்ள?"

"நடுவுலதான் மச்சான்."

அடுத்த வளைவு. "இப்ப?"

"அங்கனயேதான்."

பட்டுச்சேலையோடு முன்னால் உட்கார்ந்திருந்த பேச்சி குனிந்து காலடியைத் தடவினாள். திடீரென்று, "ஏங்க, காஞ்சு கெடக்கு! பொட்டு ஈரமில்ல!" என்று கத்தினாள்.

"அத்தை, நான் அழுகவா வேணாமா?" என்று கேட்டுவிட்டு ராசாத்தி சிரித்தாள் பாருங்கள்... மூக்கு உறிஞ்சிக்கொண்டே சிரிப்பு!

குமுளி வந்ததும் நாலு பேரும் கை தட்டிக் கூச்சல் போட்டோம். ஆரத்தித் தட்டோடு நின்ற மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் முழித்தார்கள்.

போன மாதம் மகன் காரில் அதே ஏற்றம் ஏறினோம். கூலன்ட், சூடு எல்லாம் திரையில் வந்துவிடுகிறதாம். பானட் பக்கம் நான் போனாலே, "வாரன்டி போயிரும்ப்பா" என்கிறான். ஏசி, பாட்டு... பாதித் தூக்கத்திலேயே குமுளி வந்துவிட்டது. நல்ல கார்தான், குறை சொல்லவில்லை.

ஆனால் மேலே போய்ச் சேர்ந்ததும் யாரும் கை தட்டவில்லை. சேர்ந்துவிடுவோம் என்று கீழேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.