இரண்டு முனையிலும் குங்குமம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கொட்டகை போட்டு வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்த்த காலத்தில், வேலை சுத்தம், வாய்தான் அசுத்தம் என்று என் காதுபடவே பேசுவார்கள். பொய் இல்லை. தச்சு வேலையில் தப்பு செய்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வயரில் செய்த தப்பு உள்ளேயே பதுங்கியிருந்து, வண்டி ஓடும்போதுதான் வெளியே வரும். அந்தப் பயத்தில்தான் கத்துவேன். கத்தினால் தப்பு நடக்காது என்று ஒரு நினைப்பு.

எழுபதுகளின் கடைசியில், ஒரு விஜயதசமி அன்று, பெருநகரில் ஒரு பிக்கப் வண்டிக்கு வயரிங் செய்யப் போனேன். பட்டாளத்தில் ஓடி ஏலத்துக்கு வந்த பழைய பெட்ரோல் வண்டி. அதை வாங்கி காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்தவர் முந்தின வருஷம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டி அவர் மனைவி கைக்கு வந்தது. முப்பது வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பெட்ரோல் ஊற்றி மாளாது என்று, மெட்ராசில் பழைய டீசல் இன்ஜின் ஒன்றை வாங்கி வந்து மாற்றச் சொல்லிவிட்டாள். ஓட்டுவதற்குத் தன் தம்பியை லைசென்ஸ் எடுக்க வைத்திருந்தாள்.

அவள் புருஷனுக்கு ஒரு அண்ணன். குடும்பத்துக்கு அவர்தான் பெரியவர். அவருக்கு இது பிடிக்கவில்லை. வெயிலிலும் பனியிலும் அந்த வண்டியில் அலைந்துதான் தம்பி உடம்பைக் கெடுத்துக்கொண்டான் என்று அவர் மனசில் விழுந்துவிட்டது. வண்டியைக் காயலான் கடைக்காரனுக்குப் பேசி முடித்திருந்தார். இவள் அழுது கெஞ்சியதில் ஒரே ஒரு கெடு கொடுத்தார். விஜயதசமிக்கு மறுநாள் காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி போய் நிற்க வேண்டும். அவர் பார்த்து, டீசல் என்று ஆர்.சி. புக்கில் மாற்றி எழுதிக் கொடுத்தால் வண்டி அவளுக்கு. இல்லையென்றால் அன்றைக்கே காயலான் கடைக்கு. அப்புறம் அவளும் பிள்ளைகளும் பெரியவர் கையைப் பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார வேண்டியதுதான்.

மெக்கானிக் இன்ஜினை இறக்கி உட்கார வைத்துவிட்டு, ஆயுத பூஜைக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டார். என் சாமான்களோ கொட்டகையில் சாமி முன்னால் சந்தனம் குங்குமத்தோடு படுத்திருந்தன. பூஜையில் வைத்த கட்டிங் பிளேயரை மறுநாள் காலையில் கற்பூரம் காட்டாமல் எவன் எடுப்பான்? நானும் எடுக்கவில்லை. ஆக, இருந்தது அந்த ஒரு பகல்தான்.

பேட்டரியை மட்டும் முன்கூட்டியே சார்ஜ் போட்டு அவள் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். பொதுவாக பேட்டரியில் பிளஸ் முனை தடிமனாக இருக்கும், பார்த்தாலே தெரியும். இது முனைகளைப் புதிதாக ஈயத்தில் வார்த்த பழைய பேட்டரி. இரண்டும் ஒரே தடிமன். அதனால் பிளஸ் முனையில் அடையாளத்துக்குச் சிவப்பு பெயிண்ட் கொஞ்சம் தொட்டு வைத்திருந்தேன்.

காலையில் போனதுமே ஆரம்பித்துவிட்டேன். பெட்ரோல் இன்ஜினுக்குக் கரண்ட்தான் உயிர். சாவியைத் திருப்பினால் கரண்ட் நிற்கும், இன்ஜினும் நிற்கும். டீசலுக்கு அப்படி இல்லை. ஒருமுறை பற்றிக்கொண்டால் சாவியைப் பிடுங்கி ஆற்றில் போட்டாலும் அது பாட்டுக்கு ஓடும். டீசல் பம்பில் இருக்கிற லீவரை, எங்கள் பேச்சில் நெம்பு, அதை இழுத்தால்தான் அடங்கும். அந்த நெம்பிலிருந்து டிரைவர் கைக்கு ஒரு கம்பி வர வேண்டும். மெக்கானிக் அதை மாட்டாமல் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பெட்ரோலுக்கு இருந்த வயர்களை உருவிப் போட்டு, டைனமோவுக்கும், இன்ஜினைச் சூடு பண்ணுகிற ஹீட்டருக்கும் புது வயர் இழுத்தேன். பொழுது உச்சிக்கு வந்தது. அந்தப் பெண்ணின் தம்பி ஒரு நட்டைத் தவறவிட்டதற்கு நான் கத்திய கத்தலில், அவன் அதற்கப்புறம் என் பக்கம் வாயே திறக்கவில்லை.

டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டே அவனிடம் சொன்னேன், பேட்டரியைத் தூக்கி வை, செவப்பு கீற முனையில தடிச்ச வயரப் போடு, இன்னொண்ண பாடியில போடு என்று. போட்டான். லைட் எரிந்தது. ஹாரன் அடித்தது. செல்ஃப் சுற்றியது. நாலைந்து இருமல் இருமி இன்ஜின் பிடித்துக்கொண்டது. வாசலில் நின்ற அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கே கண் கலங்கியது என்றால் பாருங்கள். டைனமோ சார்ஜ் ஏறுகிறதா பார்க்கலாம் என்று, கொஞ்சம் ரைஸ் பண்ணு என்றேன்.

அவன் ஆக்சிலேட்டரை மிதித்ததுதான் தாமதம், என் முகத்துக்கு மேலே வயர்க் கட்டிலிருந்து குபுகுபுவென்று புகை. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தது. ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு என்று அலறினேன். அவன் சாவியைத் திருப்பினான். திரும்பவும் திருப்பினான். சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் புரண்டு வெளியே விழுந்து, பானட்டுக்கு ஓடி, பம்பு நெம்பைக் கையால் இழுத்தேன். இன்ஜின் அடங்கியது. ஆனால் புகை அடங்கவில்லை. கட்-அவுட் என்று ஒரு டப்பா, டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்து வைப்பதும் பிரித்து வைப்பதும் அதன் வேலை. அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டு, பேட்டரி கரண்ட் முழுக்க வயரில் இறங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி வயரைப் பிளேயரால் திருகிப் பிடுங்கினேன். உள்ளங்கை வெந்துபோனது. அப்போதுதான் பார்த்தேன். பேட்டரியின் இரண்டு முனையுமே சிவப்பு. இரண்டிலும் குங்குமம்.

தலைகீழாக மாட்டியிருக்கிறான். லைட்டுக்கும் ஹாரனுக்கும் செல்ஃபுக்கும் தலைகீழ் ஒரு பொருட்டில்லை. டைனமோ சார்ஜ் ஏற்ற வரும்போதுதான் இரண்டும் மோதிக்கொள்ளும்.

நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "ரெண்டுமே செவப்பா கீதுண்ணா," என்றான். "கேட்டா திட்டுவீங்கன்னு ஒண்ணுத்துல போட்டுட்டேன்." சட்டையை விட்டுவிட்டேன்.

எவ வெச்சது குங்குமம் என்று நான் கத்துவதற்குள் அவளே கிட்டத்தில் வந்துவிட்டாள்.

"நாந்தாண்ணா. ஏர் கலப்பைக்கு, பம்ப்செட்டுக்கு எல்லாத்துக்கும் பூஜ போட்டாங்க. இத்த மட்டும் யாரும் தொடல. மனசு கேக்கல. ஒரு முனைக்கு பொட்டு கீது, இன்னொண்ணு மொட்டையா கீது. அப்படியே வுட்டா நல்லாவா கீதுன்னு ரெண்டுக்கும் வெச்சிட்டேன்."

என் பெயிண்டைப் பொட்டு என்று நினைத்திருக்கிறாள். புருஷன் போனபிறகு அவள் தொடக்கூடாது என்று அந்த வீட்டில் வைத்திருந்த குங்குமத்தை, யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்து வைத்திருக்கிறாள்.

"பெரிய மாமாகிட்ட சொல்லிடாதீங்கண்ணா. என் கை பட்டுத்தான் எரிஞ்சிச்சின்னு வண்டிய அனுப்பிடுவாரு."

புகையைப் பார்த்துவிட்டுப் பெரியவர் கழனி வரப்பில் வேகமாக வந்துகொண்டிருந்தார். வேஸ்ட் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து இரண்டு முனையையும் அழுந்தத் துடைத்தேன். குங்குமம் போனது. கூடவே என் பெயிண்டும் போனது. அவர் வந்து எரிந்த வயரைப் பார்த்தார், என் கையிலிருந்த சிவப்புத் துணியைப் பார்த்தார். பழைய கட்-அவுட்டு, ஒட்டிக்கிச்சி, யாரு மேலயும் தப்பு இல்ல என்றேன். அவர், பொழுது சாயறதுக்குள்ள வண்டி கிளம்பலன்னா காயலான் கடை ஆளுக்குச் சொல்லி அனுப்பிடுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். அவர் கண் முதுகில் குத்த குத்த வேலை செய்தேன். காலையில் உருவிப் போட்ட பழைய வயர்களையே எடுத்து ஒட்டுப்போட்டு இழுத்தேன். கட்-அவுட் முனைகளைப் பிரித்து உப்புத்தாளால் தேய்த்தேன். டைனமோ பிழைத்திருந்தது, அது கடவுள் புண்ணியம். மெக்கானிக் சுருட்டி வைத்திருந்த நெம்புக் கம்பியையும் இழுத்து டிரைவர் பக்கம் மாட்டினேன். ஒரு கத்தல் கிடையாது. அந்தத் தம்பி எது கேட்டாலும் பதில் சொன்னேன்.

கடைசியில் பேட்டரி. எது பிளஸ், எது மைனஸ்? டம்ளரில் உப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, இரண்டு முனையிலிருந்தும் வயரை அதில் விட்டேன். மைனஸ் பக்கம் நுரை நிறையக் கிளம்பும். கிளம்பியது. இன்னொன்று பிளஸ். உடனே அடையாளம் வைத்தாக வேண்டும், என்னிடம் பெயிண்ட் இல்லை. ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு எனக்கே எங்கிருந்து வந்த தைரியமோ, பெரியவர் காதில் விழும்படியே சொன்னேன்.

"யம்மா, குங்குமம் எடுத்துக்கினு வா. இந்த முனையில வை. இது ஒண்ணுல மட்டும்."

அவள் பெரியவரைப் பார்த்தாள். அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ரோட்டுப் பக்கம் நடந்தார். காயலான் கடைக்காரனுக்குச் சொல்லத்தான் போகிறார், என் திமிரால் காரியம் கெட்டது என்று நினைத்தேன். அவள் குங்குமம் எடுத்து வந்து வைத்தாள். பெரியவர் போன பக்கமே பார்த்துக்கொண்டு வைத்ததில் கோணலாக விழுந்தது. இன்ஜின் பிடித்தது. ரைஸ் பண்ணியும் புகை இல்லை. யாருக்கும் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

மறுநாள் காலை நான் பஸ்ஸில் வந்து இறங்கியபோது பெரியவர் வண்டியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் இருந்தது, நேற்று அவர் ரோட்டுப் பக்கம் போனது அதை வாங்கத்தான் போலிருக்கிறது. அவள் தம்பி ஓட்ட, காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தோம்.

இன்ஸ்பெக்டர் இன்ஜின் நம்பரைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், பேட்டரிக்கு வந்ததும் நின்றார். இது என்னய்யா, ஒரு பக்கம் மட்டும் பொட்டு என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார்.

"எங்க வூட்டுப் பொண்ணு வெச்சது சார். முந்தாநாளு ரெண்டுத்துக்கும் வெச்சிச்சி. அது வெக்கறப்ப நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

இன்ஸ்பெக்டருக்கு அது புரிந்திருக்காது. இன்ஜினை நிறுத்தச் சொன்னார். நான் டிரைவர் பக்கம் குனிந்து கம்பியை இழுத்தேன். இன்ஜின் அடங்கியதும் அவர் ஆர்.சி. புக்கை வாங்கிப் பேனாவைத் திறந்தார்.