தாமரைக் காசு

டிராயரைக் குடைந்தபோது சிக்கிய, தாமரை போட்ட மஞ்சள் இருபது பைசாவை முகர்ந்ததுமே அந்த ஏமாத்துக்கார இறால் வியாபாரியுடைய கொட்டாய் நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. பழவேற்காட்டுக் கரையில் இப்போது அந்தக் கொட்டாய் இல்லை, ஒழிந்தது சனியன். பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு ஏரித் தண்ணீரில் நாளெல்லாம் கையால் தடவி இறால் பிடித்த அம்மாவிடம், "இதுல தங்கம் கலந்துருக்கும்மா"னு சொல்லி, இந்தக் காசில் ஐந்து தரவேண்டிய இடத்தில் மூன்றைத்தான் தருவான் அவன். அம்மாவும் ஒவ்வொன்றையும் கடித்துப் பார்த்துவிட்டு, அக்கா கம்மலுக்கென்று டப்பாவில் போடுவாள்.

கம்மல் செய்ய டப்பாவோடு போனபோது, பொன்னேரி ஆசாரி உரசிப் பார்த்து, "இன்னாம்மா, இதுல ஏது தங்கம்? செம்புக் கலவைம்மா" என்றார்.

மறுநாளும் அவன் தாமரைக் காசை நீட்டினான். அம்மா காசைக் கடிக்கவில்லை. அவன் கையைக் கடித்தாள்.